அரிதாக ஊதப்படும் தவறுகள்: நடுவர்கள் ஒத்துப்போகாதபோது எந்த வழியைத் தேர்வது?

சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் கால்பந்துப் போட்டி நடத்துவோர், விதிமுறைத் தாளை எழுத உட்காரும்போது தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஹேண்ட் பாலுக்கோ, பெனால்டி பகுதிக்குள் காலை வாரிவிட்டதற்கோ நடுவர் விசில் ஊதினால் முணுமுணுப்பு எழும், ஆனால் ஆட்டம் தொடரும். கோல்கீப்பர் பந்தைக் கையில் நெடுநேரம் வைத்திருந்ததற்கோ, த்ரோ (கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறிவது) எறிந்தவரின் பின்கால் தரையை விட்டு எழுந்ததற்கோ, எதிரணி வீரரை ஏமாற்றும்படி "விடு, என் பால்" என்று கத்தியதற்கோ விசில் ஊதப்பட்டால் கதை வேறு. வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள், துணை நடுவரே புருவத்தை உயர்த்துகிறார், கோட்டுக்கு வெளியிலிருந்து மேனேஜர் உள்ளே வருகிறார். "ஏனுங்க சார், எந்த மேட்ச்ல இதுக்கு விசில் ஊதியிருக்காங்க?" என்ற கேள்விக்கு யாரிடமும் உடனடிப் பதில் இருப்பதில்லை.

இத்தகைய வேறுபாட்டைத் தீர்க்க எந்த முறையை விதிமுறைத் தாளில் எழுதுவது என்று கேட்கும் போட்டிக் குழுவினருக்காகவும், அந்தப் போட்டிகளில் விசில் பிடிக்கும் நடுவர்களுக்காகவும் இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது. வழிகள் ஐந்து. அவற்றை எடைபோடுவதற்கு முன், எதைத் தீர்க்கப் போகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

## தகராறு மூன்று வகை

முதல் வகை, நடந்தது என்ன என்பதைப் பற்றியது. பெனால்டி அடிக்கப்பட்ட கணத்தில் கோல்கீப்பரின் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ, அதற்கு நேராகவோ, பின்னாலோ இருந்ததா? பேக் பாஸ், அதாவது தன் கோல்கீப்பருக்கே வீரர் திருப்பித் தரும் பந்து, காலால் வேண்டுமென்றே கொடுக்கப்பட்டதா, காலில் பட்டுத் தெறித்ததா? இவை கண்ணால் கண்டவர் சொல்ல வேண்டியவை.

இரண்டாவது வகை, விதி என்ன என்பதைப் பற்றியது. என்ன நடந்தது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள், ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்பதில்தான் குழப்பம். பெனால்டி அடிக்கும் முன் அடிக்கும் அணியின் வீரர் ஒருவர் பகுதிக்குள் நுழைந்து, அது தண்டிக்கத்தக்கதாகவும் இருந்து, கோலும் விழுந்தால், பெனால்டியை மீண்டும் அடிக்க வேண்டும். கோல் விழாவிட்டால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (இன்னொரு வீரர்மீது பட்ட பிறகே கோலாகக் கணக்கிடப்படும் உதை). இந்த இரண்டையும் மாற்றிக்கொள்வது உலக அளவிலேயே நடந்திருக்கிறது.

மூன்றாவது வகைதான் நம் மைதானங்களில் அதிகம் சண்டை மூட்டுவது. நடந்தது எல்லோருக்கும் தெரியும், விதியும் தெரியும், ஆனால் இன்று, இந்த நிமிடத்தில், அதை ஊதியிருக்க வேண்டுமா? முதல் பாதி முழுவதும் கண்டுகொள்ளாமல் விட்ட த்ரோ தவறைக் கடைசி நிமிடத்தில் பிடிக்கும் நடுவர் விதிப்படி சரியாகவே நடந்திருப்பார். அவருக்கு எதிராக எழும் குரல், விதியை நம்பி எழுவதன்று. அதுவரை காட்டிய வழக்கத்தை நம்பி எழுவது.

இந்த மூன்றுக்கும் ஒரே மருந்தைத் தேடுவதால்தான் போட்டிக் குழுக்கள் தவறான முறையைத் தேர்ந்தெடுக்கின்றன என்பது என் கணிப்பு. மூன்றாவது வகைத் தகராறை வீடியோவால் தீர்க்க முடியாது. இரண்டாவது வகையை நடுவரின் உறுதியான குரலால் தீர்த்துவிட்டதாக நினைத்தால், ஆட்டம் முடிந்தபின் அது மனுவாகத் திரும்பி வரும்.

## எடைபோடும் அளவுகோல்கள்

முதலாவது, தேர்ந்தெடுக்கும் வழி மேற்சொன்ன வகைகளில் எதற்குப் பொருந்துகிறது என்பது. இரண்டாவது, விதிநூல் தரும் கால எல்லைக்குள் அது முடிகிறதா என்பது. ஐந்தாம் விதிப்படி, ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால், முன்பு கொடுத்த தொடக்க முடிவு தவறு என்று தெரிந்தாலும், வேறொரு நடுவர் சொன்னாலும், அதை மாற்றக் கூடாது. பாதி முடிந்ததற்கான விசிலை ஊதிவிட்டு நடுவர் களத்தை விட்டு வெளியேறிய பிறகும் அப்படித்தான். ஆகவே, களத்தில் செய்யக்கூடிய திருத்தம் எதுவாயினும் விசிலுக்கும் அடுத்த உதைக்கும் இடைப்பட்ட சில நொடிகளுக்குள் அடங்க வேண்டும்.

மூன்றாவது, வெளிச்சமும் நேரமும். ஒளிவிளக்கு இல்லாத மைதானத்தில் ஒரே நாளில் நான்கைந்து ஆட்டங்களை அடுக்கும்போது, முதல் ஆட்டத்தில் வீணாகும் பத்து நிமிடம் கடைசி ஆட்டத்தின் வெளிச்சத்திலிருந்துதான் கழிகிறது. நான்காவது, பணமும் ஆளும். ஐந்தாவது, மீதமுள்ள ஆட்டத்தை நடத்தும் அதிகாரம் நடுவரிடம் எஞ்சுகிறதா என்பது. கடைசியாக, அடுத்த ஆட்டத்தில் வேறொரு நடுவர் அதே தவறை அதே விதமாகக் கையாளுவாரா என்பது. இந்தக் கடைசி அளவுகோலைப் பலர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை.

## வழி 1: நடுவர் ஒருவரே முடிவெடுத்து நகர்வது

ஆட்டம் தொடர்பான நிகழ்வுகளில் நடுவரின் முடிவே இறுதியானது என்று விதிநூல் சொல்வதால், இதுவே அடிப்படை வழி. மற்ற நான்கும் இதன்மேல் கட்டப்படுபவை. நேரம் செலவாகாது, பணமும் செலவாகாது. நடுவர் அருகில் நின்று கண்ட நிகழ்வுகளில், அதாவது முதல் வகையில், இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

இதன் மறைந்திருக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது. துணை இல்லாத நடுவர், அரிதான தவறை ஊதினால் தனியாக மாட்டிக்கொள்வோம் என்ற அச்சத்தில் அதை ஊதாமலே விட்டுவிடுகிறார். ஊதாமல் விடுவதும் ஒரு முடிவுதான், அதன் பலன் தாமதப்படுத்தும் அணிக்குப் போகிறது. கோல்கீப்பர் பந்தை வைத்திருக்கும் விதிக்கு நேர்ந்ததும் இதுவே. 2000 முதல் ஆறு நொடிக்கு மேல் வைத்திருந்தால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக் என்று இருந்தது. கோலுக்கு அவ்வளவு அருகில் சுவர் அமைத்து, தள்ளுமுள்ளுகளைச் சமாளித்து அந்த உதையை நடத்துவது கடினம் என்பதால், நடுவர்கள் அதை ஏறக்குறைய மறந்தே போனார்கள்.

மறக்காத ஒருவரின் கதையும் உண்டு. 2012 ஆகஸ்ட் 6 அன்று, லண்டன் ஒலிம்பிக்கின் மகளிர் அரையிறுதி மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபர்டில் நடந்தது. கனடா 3-2 என முன்னிலையில் இருந்தபோது, அதன் கோல்கீப்பர் எரின் மெக்லியோட் பந்தை அதிக நேரம் வைத்திருந்ததாக நார்வே நடுவர் கிறிஸ்டினா பெடர்சன் விசில் ஊதினார். அமெரிக்காவின் ஆபி வாம்பாக் அதற்கு முன்பிருந்தே நடுவர் காதில் விழும்படி நொடிகளை உரக்க எண்ணிக்கொண்டிருந்தார். இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கனடிய வீராங்கனையின் கையில் பட்டது, பெனால்டி கிடைத்தது, வாம்பாக் அதைக் கோலாக்கினார். கூடுதல் நேரத்தில் அமெரிக்கா 4-3 என வென்றது. விதிநூலைத் திறந்தால் பெடர்சன் பக்கம் நியாயம் உண்டு. அப்படியிருந்தும் அந்த விசில் இன்றுவரை சர்ச்சையாகவே பேசப்படுகிறது. தனி முடிவு சரியாக இருந்தும் ஏற்கப்படாமல் போகக்கூடிய இடம் இதுதான்.

ஒரே நடுவர் நடத்தும் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆட்டங்களுக்கும், சேலம் நகரின் டர்ஃப் மைதானங்களில் ஒரு மணி நேரக் கட்டணத்துக்குள் முடிய வேண்டிய ஆட்டங்களுக்கும் இதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை.

## வழி 2: களத்திலேயே துணை நடுவருடன் கலந்து பேசுவது

நடுவர் கோட்டருகே வந்து துணை நடுவரிடம் கேட்டு முடிவெடுப்பது நீண்ட மரபு. 1966 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டியதா என்பதை, நடுவர் காட்ஃபிரீட் டியன்ஸ்ட் துணை நடுவர் தோஃபிக் பக்ராமோவிடம் போய்க் கேட்டே முடிவு செய்தார். 2006 இறுதியில் பிரான்ஸின் சிடேன் இத்தாலியின் மாத்தெராட்சியைத் தலையால் முட்டியதை நடுவர் ஓராசியோ எலிசொண்டோ நேரில் பார்க்கவில்லை. நான்காம் நடுவர் லூயிஸ் மெதினா கந்தலேகோ தெரிவித்த பிறகுதான் சிவப்பு அட்டை வெளிவந்தது. முன்னது இன்னும் தீராத வாதம், பின்னது யாரும் மறுக்காத முடிவு. முதலாவதில் துணை நடுவர் தான் ஊகித்ததைச் சொன்னாரா, கண்டதைச் சொன்னாரா என்ற ஐயம் தீரவில்லை. இரண்டாவதில் அந்த ஐயத்துக்கே இடமில்லை. கலந்துபேசுதலின் மதிப்பு முழுவதும் இதைப் பொறுத்ததுதான்.

எனவே, துணை நடுவரிடம் நடுவர் கருத்துக் கேட்கக் கூடாது, கண்டதைக் கேட்க வேண்டும். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால் பதிலும் நினைப்பாகவே வரும். என்ன தவறு, யார் செய்தார், எந்த இடத்தில் என்ற மூன்றை மட்டும் கேட்டு, எப்படித் தொடங்குவது என்பதை நடுவரே முடிவு செய்தால் பத்து நொடிக்கு மேல் ஆகாது. துணை நடுவர்கள் நடுவரின் வழிகாட்டுதலின்கீழ் இயங்குபவர்கள் என்பதால், ஒத்துப்போகாவிட்டால் நடுவரின் முடிவே நிற்கும், அதற்கு வாக்கெடுப்பு கிடையாது.

ஒரு நுட்பம் பலருக்குத் தெரிவதில்லை. துணை நடுவர் அட்டைக்குரிய தவறைக் கண்டு, ஆட்டம் மீண்டும் தொடங்கும் முன்பே கொடியாலோ குரலாலோ தெரிவிக்க முயன்று, நடுவர் கவனிக்காமல் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டால், பிறகு அட்டை காட்டலாம். ஆனால் அந்தத் தவறுக்கான ஃப்ரீ கிக்கையோ பெனால்டியையோ பின்னோக்கிப் போய்க் கொடுக்க முடியாது.

நம் பகுதியில் இந்த வழியின் மறைந்திருக்கும் விலையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உள்ளூர்ப் போட்டிகளில் கொடி பிடிப்பவர் பல நேரங்களில் போட்டியை நடத்தும் சங்கத்தின் ஆளாகவோ, அடுத்த ஆட்டத்தில் ஆட வேண்டிய வீரராகவோ இருக்கிறார். பந்து கோட்டைத் தாண்டியதா என்பதை அவர் சொன்னால் யாரும் கேள்வி கேட்பதில்லை, ஆனால் அரிதான தவறை அவர் சொன்னால் அவர் எந்த ஊர்க்காரர் என்ற பேச்சு முதலில் எழும். அத்துடன் பார்வையாளர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் நிற்கிறார்கள். ஆகவே, பயிற்சி பெற்ற துணை நடுவர்கள் இல்லாத போட்டியில் அவர்களின் வேலையைப் பந்து வெளியேறுதலோடு நிறுத்திவிட்டு, மற்றவற்றில் வழி 1-ஐயே நம்புவது நல்லது. முறையான நடுவர் குழு வரும் மாவட்ட அளவிலான லீக் ஆட்டங்களில் மட்டுமே, பெனால்டியின்போது கோல்கீப்பரின் கால் போன்றவற்றில், இந்த வழி முழுப் பலன் தரும்.

## வழி 3: வீடியோ

"எல்லார் கையிலயும் போன் இருக்கே, பார்த்துட்டுச் சொல்லிடலாமே" என்பது இப்போது எல்லாப் போட்டிக் குழுவிலும் யாராவது ஒருவர் முன்வைக்கும் யோசனை. நான் இதை எதிர்க்கிறேன், காரணம் செலவு மட்டுமன்று.

வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் தனி நடுவர்) முறை 2018-இல் விதிநூலில் சேர்ந்தபோது, கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுதல் ஆகிய நான்கு வகைகளுக்கே அது வரையறுக்கப்பட்டது. தெளிவான, வெளிப்படையான பிழையோ, நடுவர் காணத் தவறிய கடுமையான நிகழ்வோ இருந்தால் மட்டுமே அது தலையிடும். த்ரோ எறிந்த விதம், கோல்கீப்பரின் நொடிக் கணக்கு, வாயால் கத்தி ஏமாற்றியது போன்ற அரிதான தவறுகளில் பெரும்பாலானவை அந்த வலைக்குள்ளேயே வரவில்லை. கோடிகள் கொட்டி அமைத்த கருவியே தொடாத இடத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த போன் வீடியோ என்ன செய்துவிடும்?

வீடியோ தொட்ட இடத்திலும் சர்ச்சை தீர்ந்துவிடவில்லை. 2025 மார்ச் 12 அன்று சாம்பியன்ஸ் லீக்கில், ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான பெனால்டி ஷூட்அவுட்டில், அட்லெட்டிகோவின் ஹூலியன் ஆல்வாரெஸ் வழுக்கியபடி அடித்த பந்து அவருடைய இன்னொரு காலிலும் பட்டதாக வி.ஏ.ஆர். கண்டறிந்தது, கோல் செல்லாமல் போனது. விதிப்படி சரியான அந்த முடிவுதான் விதியின் குறையை வெளிக்கொணர்ந்தது. தற்செயலான இரட்டைத் தொடுதலில் கோல் விழுந்தால் பெனால்டியை மீண்டும் அடிக்க வேண்டும் என்று விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் அதே ஆண்டு ஜூனில் விளக்கம் தந்தது. நடந்ததை வீடியோ காட்டியது, விதி நியாயமானதா என்பதை மனிதர்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

குறைந்த செலவில் ஃபிஃபா சோதித்துவரும் இன்னொரு முறை உண்டு. தனி வீடியோ நடுவர் கிடையாது, பயிற்சியாளர் கேட்டால் நடுவரே திரையில் பார்ப்பார். தொடக்கச் சோதனைகளில் ஓர் ஆட்டத்துக்கு அணிக்கு இரண்டு முறை கேட்கும் வாய்ப்பு தரப்பட்டது. அதற்கும் அனுமதியும், நடுநிலையான ஒளிப்பதிவும் தேவை. போட்டிக் குழு தன் விருப்பப்படி போன் திரையை நடுவரிடம் நீட்டுவது இதன் சிறு வடிவம் ஆகாது.

மறைந்திருக்கும் விலை, ஒருமுறை பார்த்துவிட்டால் திரும்ப முடியாது என்பதுதான். அடுத்த ஆட்டத்திலிருந்து ஒவ்வோர் அணியும் தன் பக்கக் கோணத்திலிருந்து படம் பிடிக்க ஆளை நிறுத்தும். ஏற்காட்டில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்முனைக் கோல் கம்பமே கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவுக்கு என்ன தெரியும்? வீடியோவுக்குப் பொருத்தமான வேலை இரண்டு. ஆட்டம் முடிந்தபின் அடிதடியில் ஈடுபட்டவரை அடையாளம் காண்பது ஒன்று. நடுவர்களே கூடிப் பார்த்துப் பயிற்சி எடுப்பது மற்றொன்று.

## வழி 4: ஆட்டம் முடிந்தபின் எழுத்து மூலம் மனு

இந்த வழியைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் அதிகம். நடுவர் கண்டது தவறு என்று சொல்லி வரும் மனுவைக் குழு திறக்கவே கூடாது. விதியைத் தவறாகச் செயல்படுத்தினார் என்ற மனுவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2005 செப்டம்பரில் தாஷ்கண்டில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் உஸ்பெகிஸ்தான் பஹ்ரைனுக்கு எதிராக அடித்த பெனால்டி கோலானது. உஸ்பெக் வீரர் ஒருவர் முன்கூட்டியே பகுதிக்குள் நுழைந்ததைக் கண்ட ஜப்பான் நடுவர், மீண்டும் அடிக்கச் சொல்வதற்குப் பதிலாக பஹ்ரைனுக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். 1-0 என வென்ற உஸ்பெகிஸ்தானே புகார் செய்தது. ஃபிஃபா ஆட்டத்தை ரத்து செய்து மறுபடி ஆடச் சொன்னது. மறு ஆட்டம் 1-1, பஹ்ரைனில் நடந்த அடுத்த ஆட்டம் 0-0, வெளியூர்க் கோலின் (எதிரணியின் மைதானத்தில் அடித்த கோலுக்குத் தரப்படும் முன்னுரிமையின்) பலத்தில் பஹ்ரைன் முன்னேறியது. வென்றவரே மனு போட்டுத் தோற்றது இதில் கசப்பான செய்தி.

பத்து ஆண்டுகள் கழித்து அதே பிழை மீண்டும் நடந்தது. 2015 ஏப்ரல் 4 அன்று, 19 வயதுக்குட்பட்ட மகளிருக்கான ஐரோப்பியத் தகுதிச்சுற்றில், நார்வேயிடம் 1-2 எனப் பின்தங்கியிருந்த இங்கிலாந்துக்கு ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் பெனால்டி கிடைத்தது. லியா வில்லியம்சன் கோலடித்தார். சக வீராங்கனை முன்கூட்டி நுழைந்ததற்காக நடுவர் கோலை மறுத்து நார்வேக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். ஐரோப்பியக் கூட்டமைப்பு இம்முறை முழு ஆட்டத்தையும் ரத்து செய்யவில்லை. ஐந்து நாள் கழித்து, அந்தப் பெனால்டியிலிருந்து எஞ்சிய 18 நொடிகளை மட்டும் ஆடச் செய்தது. வில்லியம்சன் மீண்டும் கோலடிக்க, ஆட்டம் 2-2 எனச் சமனானது. பிழை நடந்த புள்ளியிலிருந்து தொடங்குவதே நேர்மையான தீர்வு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

விதிப் பிழை இல்லாத இடத்தில் மனு என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) நாக் அவுட்டின் கூடுதல் நேரத்தில், தடுப்புச் சுவர் அமையும் முன்பே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை விரைவாக அடித்துக் கோலாக்கினார். கேரளா பிளாஸ்டர்ஸ் அணி களத்தை விட்டு வெளியேறியது, பெங்களூரு வென்றதாக அறிவிக்கப்பட்டது. பிளாஸ்டர்ஸின் மனு தள்ளுபடியானதோடு, வெளியேறியதற்காக அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச்சுக்கு 10 ஆட்டத் தடையும் விதித்தது.

இங்கே மறைந்திருக்கும் விலை அட்டவணையில் இருக்கிறது. நாக் அவுட் போட்டியில் தோற்ற அணி மாலையே மேட்டூருக்கோ ஆத்தூருக்கோ வண்டியேறிவிடும். எஞ்சிய சில நொடிகளை ஆட ஏற்காட்டு அணியை மறுபடியும் மலையிலிருந்து இறக்கி வருவது யார் செலவு? மனுவை விசாரிக்கும் மூவரில் ஒருவர் போட்டி நடத்தும் சங்கத்தவராக இருந்தால் நடுநிலை எங்கே? மனுக்கட்டணம் மிகக் குறைவாக இருந்தால் எல்லாத் தோல்வியும் மனுவாகும், மிக அதிகமாக இருந்தால் பள்ளி அணிகள் நியாயமான குறையைக்கூடச் சொல்ல மாட்டா. லீக் முறைப் போட்டிகளுக்கு இது பொருந்தும், ஒரே வார இறுதியில் முடியும் நாக் அவுட்டுக்குப் பொருந்தாது.

## வழி 5: ஆட்டத்துக்கு முன்பே பேசி வைப்பது

மூன்றாவது வகைத் தகராறுக்கு, அதாவது "இன்று மட்டும் ஏன்?" என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்த ஒரே மருந்து இதுதான். நடுவர்கள் தங்களுக்குள் பேசுவதும், பிறகு இரு அணித் தலைவர்களிடமும் சொல்வதும் இதில் அடங்கும்.

விதி வகுப்போரே இந்தப் பாதைக்கு வந்துவிட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. 2025 ஜூலை 1 முதல், கோல்கீப்பர் பந்தை எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடிகளை நடுவர் கையை உயர்த்தி விரல்விட்டுக் காட்ட வேண்டும். தண்டனை குறைக்கப்பட்டதால் ஊதுவதற்கான தயக்கம் குறைகிறது. எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிவதால் "திடீரென ஊதினார்" என்ற குற்றச்சாட்டுக்கு இடமில்லாமல் போகிறது. ஓல்டு டிராஃபர்டில் வாம்பாக் வாயால் செய்ததை இப்போது நடுவர் கையால் செய்கிறார், அதுவும் இரு அணிக்கும் பொதுவாக.

பேச வேண்டியவற்றின் பட்டியல் நீளக் கூடாது. எட்டு நொடிக் கணக்கு, பெனால்டியின்போது கோல்கீப்பர் கோட்டை விட்டு நகர்வதை யார் பார்ப்பது, கார்னரில் சட்டையைப் பிடித்து இழுப்பதற்கு எந்த நிமிடத்திலிருந்து விசில், த்ரோ தவறுக்கு எச்சரிக்கை உண்டா என்பன போதும். கடைசியதில் நான் கடுமைக்காரன். முதல் நிமிடத்திலேயே ஒருமுறை ஊதிவிட்டால், எண்பதாவது நிமிடத்தில் ஊதும்போது ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். வாயால் கத்தி ஏமாற்றுவது பற்றியும் தலைவர்களிடம் ஒரு வரி சொல்லலாம், ஏனெனில் இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கோடு மஞ்சள் அட்டையும் அதற்கு உண்டு என்பது பள்ளி வீரர்கள் பலருக்குத் தெரியாது. முடிவுகளைப் பற்றிக் கேட்க அணித்தலைவர் மட்டுமே நடுவரை அணுகலாம் என்ற நடைமுறையையும் இங்கேயே சேர்த்துவிடலாம். 2024 யூரோ கோப்பையில் கையாளப்பட்ட இந்த ஏற்பாட்டுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இதற்கும் விலை உண்டு. பேசிவைத்ததை முதல் நிமிடத்திலிருந்தே கடைப்பிடிக்காவிட்டால், பேசாமலே இருந்திருப்பதைவிட நிலைமை மோசமாகும். காலை ஆட்டத்து நடுவர் ஒன்று சொல்லி, மாலை ஆட்டத்து நடுவர் வேறொன்று சொன்னாலும் அப்படியே. எனவே நடுவர்கள் எல்லோரும் போட்டி தொடங்கும் நாளில் ஒன்றுகூட வேண்டும், அதற்கு அரை நாள் படி கொடுக்கக் குழு தயாராக இருக்க வேண்டும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சிக்கித் தாமதமாக வரும் அணி தலைவர்கள் கூட்டத்தைத் தவறவிடும், அவர்களுக்குத் தனியாகச் சொல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கினால் மனுவுக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுக்கிறோம்.

இன்னொன்று, விதியைத் தளர்த்துவது பேச்சில் நடக்கக் கூடாது. 2019 மகளிர் உலகக் கோப்பையில், கோட்டை விட்டு முன்னேறிய கோல்கீப்பர்கள்மீது வி.ஏ.ஆர். துணையுடன் விதி கறாராகச் செயல்படுத்தப்பட்டது. அர்ஜென்டினாவுக்கு எதிராக ஸ்காட்லாந்து கோல்கீப்பர் தடுத்த பெனால்டி மீண்டும் அடிக்கப்பட்டுக் கோலாகி, ஆட்டம் 3-3 ஆனது, ஸ்காட்லாந்து வெளியேறியது. ஷூட்அவுட்டில் இதற்கு மஞ்சள் அட்டை காட்டினால் கோல்கீப்பர்கள் வெளியேற்றப்படும் நிலை வரும் என்பதால், போட்டியின் நடுவிலேயே அந்த அட்டைக்கு மட்டும் விலக்கு பெறப்பட்டது. உலகக் கோப்பையே எழுத்தில் அனுமதி வாங்கித்தான் தளர்த்தியது. "நம்ம செவன்ஸ்ல பேக் பாஸ் பார்க்க வேண்டாம்" என்று வாய்மொழியாக முடிவெடுப்பதை நடுவர்கள் ஏற்கக் கூடாது. வேண்டுமென்றால் விதிமுறைத் தாளில் அச்சிட்டு எல்லா அணியிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த வகைத் தகராறுக்கு | நேரம் | மறைந்திருக்கும் விலை | ஏற்ற இடம் |
|---|---|---|---|---|
| நடுவர் தனி முடிவு | நடந்தது என்ன (அருகில் கண்டது) | உடனடி | ஊதாமல் விடும் பழக்கம் | செவன்ஸ், டர்ஃப் |
| களத்தில் கலந்துபேசுதல் | நடந்தது என்ன (தொலைவில்) | சில நொடி | துணை நடுவரின் நடுநிலை பற்றிய ஐயம் | பயிற்சி பெற்ற நடுவர் குழு |
| போன் வீடியோ | களத்தில் எதற்கும் இல்லை | பல நிமிடம் | ஒருமுறை திறந்தால் மூட முடியாது | ஒழுங்கு நடவடிக்கை, பயிற்சி |
| எழுத்து மனு | விதி என்ன மட்டும் | நாள் கணக்கில் | மறு ஆட்டச் செலவு | லீக் |
| முன்பே பேசுதல் | ஊதியிருக்க வேண்டுமா | ஆட்டத்துக்கு முன் | எல்லா நடுவரும் ஒன்றுபோல் நடக்க வேண்டும் | எல்லாப் போட்டியும் |

## யார் எதை எடுப்பது

வார இறுதியில் முடியும் செவன்ஸ் போட்டியை நடத்துபவர் என்றால் ஐந்தாம் வழியையும் முதலாம் வழியையும் இணைத்தால் போதும். நடுவர் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம், தலைவர்களுக்கு ஐந்து நிமிடம், பிறகு களத்தில் நடுவர் சொல்வதே முடிவு. மனு என்ற சொல்லே விதிமுறைத் தாளில் இருக்க வேண்டாம்.

லீக் நடத்துபவருக்கு மனு வழி தேவை. விதிப் பிழைக்கு மட்டுமே மனு, ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் தலைவர் கையெழுத்துடன், மனு வென்றால் கட்டணம் திரும்பக் கிடைக்கும், பிழை நடந்த புள்ளியிலிருந்தே மறு ஆட்டம் என்ற நான்கையும் எழுதி வைக்க வேண்டும். விசாரிப்பவர்களில் விதிநூல் அறிந்த, அந்த ஆட்டத்தோடு தொடர்பில்லாத நடுவர் ஒருவராவது இருப்பது அவசியம். நடுவரும் ஆட்டம் முடிந்த உடனேயே நிமிடம், நிகழ்வு, ஆட்டம் எப்படி மீண்டும் தொடங்கியது ஆகிய மூன்றையும் தன் அறிக்கையில் எழுதிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து எழுதும் அறிக்கையில் மனுவுக்கான பதில் தானாகவே கலந்துவிடும்.

மலையில் பள்ளிப் போட்டி நடத்தும் உடற்கல்வி ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. துணை நடுவரின் கொடி நடுவரின் கண்ணுக்குத் தெரியாத அளவு பனி இறங்கிவிட்டால், இரண்டாம் வழி அந்த ஆட்டத்துக்கு இல்லை என்று இரு அணிப் பயிற்சியாளர்களிடமும் அங்கேயே அறிவித்துவிட வேண்டும். எதிர்முனைக் கோல் கம்பம் நடுக்கோட்டிலிருந்து தெரியாவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவைப்பதே முறை. எத்தனை நிமிடம் காத்திருப்பது, அதற்குள் பனி விலகாவிட்டால் எந்த நாளில் எந்த நிமிடத்திலிருந்து தொடர்வது என்பதும் முன்பே பேசிவைக்க வேண்டிய பட்டியலில் சேரும்.